வெள்ளி நாணயமும் கருப்புக் கல்லும்

'டாலர்' என்ற சொல்லைக் கேட்டிராதவர் உங்களில் எவரும் இருக்க முடியாது. அமெரிக்க நாட்டின் பணம் டாலர். கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பணமும் டாலர்தான். நம் வீடுகளில் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் பதக்கத்தைக்கூட டாலர் என்றுதான் சொல்கிறோம். இந்தச் சொல் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரிலிருந்து பிறந்தது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கில் 500 ஆண்டுகளுக்கு முன் அடிக்கப்பட்ட ஒரு வெள்ளி நாணயத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். நாணயத்தின் கதைக்கும் இயற்பியலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. இந்த நாணயத்துக்கு வெள்ளி தந்த அதே மலையிலிருந்துதான் ரேடியம் என்ற தனிமமும் மனிதன் கைக்கு வந்தது. வெள்ளி தேடியவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய கருப்புக் கல்லுக்குள் அது ஒளிந்திருந்தது.

தங்கத்துக்கு ஈடான வெள்ளி

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் பெரிய வாணிகத்துக்குக் 'குல்டன்' என்ற தங்க நாணயமும், அன்றாடச் செலவுக்குச் சிறிய வெள்ளிக் காசுகளும் புழங்கின. வாணிகம் வளர வளரத் தங்கம் போதவில்லை. சிறு காசுகளையோ மூட்டை மூட்டையாக எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாணயம் தேவைப்பட்டது.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலை அப்போது ஆண்டவர் கோமகன் சிகிஸ்மண்டு. அவருடைய நாட்டில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. 1486-ஆம் ஆண்டு, ஹால் என்னும் ஊரிலிருந்த நாணயச்சாலையில் அவர் ஒரு பெரிய வெள்ளி நாணயத்தை அடிக்கச் செய்தார். ஒரு வெள்ளி நாணயத்துக்கு ஒரு தங்க குல்டனின் மதிப்பு. இதற்கு எவ்வளவு வெள்ளி வேண்டும்? ஒரு குல்டனில் இருந்த தங்கம் சுமார் இரண்டரை கிராம். அக்காலத்தில் தங்கத்தின் விலை அதே எடையுள்ள வெள்ளியின் விலையைப்போல் 11 அல்லது 12 மடங்கு. ஆகவே 27 முதல் 30 கிராம் வெள்ளி தேவை. பெருக்கிப் பாருங்கள், விடை சரியாக வரும்.

கருத்து நல்லதுதான். ஆனால் டிரோல் நாணயம் குறைந்த அளவிலேயே அடிக்கப்பட்டது. இந்தப் பெரிய வெள்ளி நாணயம் ஐரோப்பா முழுவதும் பரவ வேண்டுமானால் எங்காவது வெள்ளி மலையாகக் குவிந்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அகப்பட்டது.

யோவாக்கிமின் பள்ளத்தாக்கு

இன்றைய செக் குடியரசுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே எல்லைபோல ஒரு மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் ஜெர்மானியப் பெயருக்குப் பொருளே 'தாது மலைகள்' என்பதாகும். 1516-ஆம் ஆண்டையொட்டி, இம்மலைத்தொடரின் தென்புறத்தில், பொஹீமியா நாட்டைச் சேர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் வளமான வெள்ளித் தாது கண்டுபிடிக்கப்பட்டது. நிலத்தின் உரிமையாளர் ஸ்டீபன் ஷ்லிக் என்ற பிரபு.

மலையின் மறுபுறத்தில், சாக்சனி நாட்டில், ஏற்கெனவே வெள்ளியால் செழித்த ஓர் ஊர் இருந்தது. கிறிஸ்தவ மரபில் கன்னி மரியாளின் தாயாகிய புனித அன்னாளின் பெயரை அந்த ஊருக்கு வைத்திருந்தார்கள். எனவே புதிய பள்ளத்தாக்குக்கு அன்னாளின் கணவர் யோவாக்கிமின் பெயரை வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. ஆகவே ஊரின் பெயர் யோவாக்கிம்ஸ்தால். செக் மொழியில் இன்று இதனை யாக்கிமோவ் என்கிறார்கள்.

வெள்ளி என்ற செய்தி பரவியதும் ஆட்கள் குவிந்தார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1534-ஆம் ஆண்டில் சுமார் 18,000 பேர் வாழ்ந்தனர். பொஹீமியாவில் தலைநகர் பிராகாவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுதான்!

வெட்டியெடுத்த வெள்ளியைக் கட்டியாக விற்பதைவிட நாணயமாக அடித்து வெளியிடுவதில் ஆதாயம் அதிகம். 1520-ஆம் ஆண்டு ஜனவரியில் பொஹீமிய நாட்டுப் பேரவை ஷ்லிக் குடும்பத்தாருக்கு நாணயம் அடிக்கும் உரிமையை வழங்கியது. நாணயத்தின் ஒரு புறத்தில் புனித யோவாக்கிமின் உருவமும் ஷ்லிக் குடும்பச் சின்னமும் இருந்தன. மறு புறத்தில் பொஹீமியச் சிங்கமும் லுட்விக் மன்னரின் பெயரும் இருந்தன. குறுக்களவு சுமார் 4 சென்டிமீட்டர். எடை சுமார் 29 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு.

அக்காலத்தில் நாணயம் அடிக்க இயந்திரம் கிடையாது. கீழ் அச்சின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து, அதன்மேல் மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஆகவே இரண்டு நாணயங்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஷ்லிக் குடும்பத்தின் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1526-ஆம் ஆண்டில் ஹங்கேரியிலுள்ள மொஹாச் என்ற இடத்தில் துருக்கியப் படையுடன் நடந்த போரில் லுட்விக் மன்னர் மடிந்தார். ஸ்டீபன் ஷ்லிக்கும் அதே போரில் மறைந்தார். புதிய மன்னர் பெர்டினாண்டு 1528-ல் நாணயச்சாலையைத் தம் வசம் எடுத்துக்கொண்டார். ஆக, ஷ்லிக் பெயர் தாங்கிய நாணயங்கள் அடிக்கப்பட்டது எட்டே ஆண்டுகள். இலட்சக்கணக்கில் வெளிவந்த அவற்றில் பெரும்பகுதி பின்னர் உருக்கப்பட்டு வேறு நாணயங்களாக மாறிவிட்டது. '1520' என்று ஆண்டு பொறித்த முதல் நாணயங்கள் இன்று மிக அரியவை.

தாலரிலிருந்து டாலர்

மக்கள் இந்த நாணயத்தை 'யோவாக்கிம்ஸ்தாலர்' என்றனர். அதாவது யோவாக்கிம்ஸ்தாலைச் சேர்ந்தது. நீண்ட பெயர் நாளடைவில் 'தாலர்' என்று குறுகியது. மற்ற அரசர்களும் இதே அளவில் வெள்ளி நாணயங்களை அடித்து அவற்றையும் தாலர் என்றே அழைத்தனர். டச்சுக்காரர் வாயில் அது 'டால்டர்' ஆயிற்று. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 'டாலெர்' ஆயிற்று. இத்தாலியில் 'டாலெரோ' ஆயிற்று. ஆங்கிலத்தில்தான் 'டாலர்' என்ற வடிவம் நிலைத்தது.

ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்து வெள்ளியைக்கொண்டு ஏறத்தாழ இதே எடையில் நாணயம் அடித்தனர். ஆங்கிலம் பேசுவோர் அதனை 'ஸ்பானிய டாலர்' என்றனர். வட அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயர் குடியேற்றங்களில் இது தாராளமாகப் புழங்கியது. விடுதலை பெற்ற அமெரிக்கா 1792-ஆம் ஆண்டு தன் நாணயச் சட்டத்தை இயற்றியபோது டாலரையே தன் பணமாக வைத்துக்கொண்டது. ஒரு சிறு பள்ளத்தாக்கின் பெயர் இப்படித்தான் உலகைச் சுற்றி வந்தது.

நாணயத்தைச் சோதிப்பது எப்படி?

வெள்ளி நாணயத்தின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியில் இருக்கிறது. வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக் கலந்தால் பார்வைக்குத் தெரியாது. கண்டுபிடிப்பது எப்படி? நீங்கள் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவமே போதும்.

வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம். செம்பின் அடர்த்தி 8.96 கிராம். 29 கிராம் எடையுள்ள நல்ல தாலரில் 26.1 கிராம் வெள்ளியும் 2.9 கிராம் செம்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வெள்ளியின் கன அளவு = 26.1 ÷ 10.5 = 2.49 கன செ.மீ.
செம்பின் கன அளவு = 2.9 ÷ 8.96 = 0.32 கன செ.மீ.
மொத்தம் = 2.81 கன செ.மீ.

இந்த நாணயத்தை நூலில் கட்டி நீரில் முழுவதும் மூழ்கச் செய்து எடை பார்த்தால், அது வெளியேற்றும் நீரின் எடையாகிய 2.81 கிராம் குறையும். தராசு 26.19 கிராம் காட்டும். மொத்த எடையை எடைக் குறைவால் வகுத்தால் (29 ÷ 2.81) ஒப்படர்த்தி 10.3 என்று கிடைக்கும். கலப்பட நாணயத்தில் வெள்ளியும் செம்பும் பாதிக்குப் பாதி இருந்தால் எடைக் குறைவு 3.00 கிராம் ஆகிவிடும். இரண்டுக்கும் வேறுபாடு 0.19 கிராம்தான். அளவுச்சாடியில் நீர் மட்டத்தைப் பார்த்து இதனைக் கண்டுபிடிப்பது கடினம். நுட்பமான தராசு வேண்டும்.

ஏமாற்றுக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால், அடர்த்தி மிகுந்த ஈயத்தைச் செம்போடு கலந்து கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பான். ஆனால் ஈயம் கலந்த நாணயத்தைக் கல்லில் போட்டால் 'கணீர்' என்ற ஓசை வராது. ஈயம் மென்மையானதால் அதிர்வுகளை விரைவில் விழுங்கிவிடும். இன்று அருங்காட்சியகங்களில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, நாணயத்திலிருந்து திரும்பி வரும் கதிர்களைக்கொண்டு எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று நாணயத்தைச் சிதைக்காமலே சொல்லிவிடுகிறார்கள். பழைய நாணயத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய் வெள்ளி மிகுந்திருக்கும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

துரதிர்ஷ்டக் கல்

இனிச் சுரங்கத்துக்குள் இறங்குவோம். தாது மலைகளின் பாறை இடுக்குகளில் வெள்ளி தனியாக இல்லை. பிஸ்மத், கோபால்ட், நிக்கல், ஆர்செனிக் முதலியவை கலந்த கனிமங்களும் உடன் இருந்தன. வெள்ளியென்று நம்பிச் சிலவற்றை உலையிலிட்டால் வெள்ளி வராது. நச்சுப் புகைதான் வரும். இது சுரங்கக் குட்டிச்சாத்தான்களின் வேலை என்று தொழிலாளர் நினைத்தனர். கோபால்ட், நிக்கல் என்ற பெயர்கள் இரண்டுமே அந்தக் குட்டிச்சாத்தான்களின் பெயரிலிருந்து வந்தவைதாம்.

இவற்றோடு கனமான ஒரு கருப்புக் கல்லும் அகப்பட்டது. கீல்போல் பளபளத்த அதனைப் 'பிட்ச்பிளெண்டு' என்கிறோம். ஜெர்மன் மொழியில் கீலைக் குறிக்கும் 'பெக்' என்ற சொல்லுக்குத் துரதிர்ஷ்டம் என்ற பொருளும் உண்டு. இந்தக் கல் தலைகாட்டினால் வெள்ளி தீரப் போகிறது என்று தொழிலாளர் முகம் சுளித்தார்கள் என்பார்கள். கல்லை ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் தோண்டினார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோவாக்கிம்ஸ்தாலின் வெள்ளி குறைந்தது. 1545-ல் கண்டுபிடிக்கப்பட்ட தென் அமெரிக்கப் பொட்டோசி சுரங்கத்தின் வெள்ளி ஐரோப்பாவில் வந்து குவிந்தது. பெரிய நகரமாக இருந்த ஊர் மீண்டும் சிற்றூராகச் சுருங்கியது. கருப்புக் கல் மட்டும் அங்கேயே கிடந்தது.

1789-ஆம் ஆண்டில் பெர்லின் நகர வேதியியல் அறிஞர் கிளாப்ராத், பிட்ச்பிளெண்டில் ஒரு புதிய தனிமம் இருப்பதாக அறிவித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் நினைவாக அதற்கு யுரேனியம் என்று பெயரிட்டார். அதன் உப்புகள் கண்ணாடிக்கு அழகிய மஞ்சள், பச்சை நிறங்களைத் தந்தன. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோவாக்கிம்ஸ்தாலில் யுரேனிய வண்ணங்கள் செய்யும் தொழிற்சாலை நடந்தது. யுரேனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையை அருகிலிருந்த பைன் மரக் காட்டில் கொட்டினார்கள். ஒரு முறை வெள்ளிக்காக ஒதுக்கப்பட்ட கல், இரண்டாம் முறை வண்ணத்துக்காக ஒதுக்கப்பட்டது.

மின்னளவி கண்ட செல்வம்

1896-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பெக்கரல், யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிவருவதைக் கண்டார். இதனை மேலும் ஆராய முற்பட்டவர் மேரி கியூரி. கதிர்கள் காற்றை மின்கடத்தியாக மாற்றுகின்றன. ஆகவே காற்றில் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்தால் கதிர்களின் வலிமை தெரியும். இதற்கு அவர் பயன்படுத்திய நுட்பமான மின்னளவி, அவருடைய கணவர் பியர் கியூரியும் பியரின் அண்ணனும் உருவாக்கியது.

யோவாக்கிம்ஸ்தால் பிட்ச்பிளெண்டை அளந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. தூய யுரேனியத்தைப்போல் அது ஏறத்தாழ மூன்று மடங்கு வலிமை காட்டியது! கல்லில் யுரேனியம் ஒரு பகுதிதானே? அப்படியானால் மிச்ச வலிமை எங்கிருந்து வந்தது? யுரேனியத்தைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள வேறு ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். 1898-ஆம் ஆண்டு ஜூலையில் பொலோனியத்தையும் டிசம்பரில் ரேடியத்தையும் கியூரி தம்பதியர் அறிவித்தனர்.

தேடும் பொருள் யுரேனியம் அல்ல என்றால், யுரேனியம் நீக்கிய சக்கையே போதும் அல்லவா? அதன் விலையும் சொற்பம். ஆஸ்திரிய அரசு முதலில் ஒரு டன் சக்கையை இலவசமாகவே அளித்தது. பைன் இலைகள் கலந்த பழுப்பு நிறத் தூளாக மூட்டைகளில் அது பாரிஸ் வந்து சேர்ந்தது. ஒழுகும் கூரையுடைய ஒரு கொட்டகையில் மேரி அதனைக் கரைத்து, காய்ச்சி, படிகமாக்கிப் பிரித்தார். 1902-ல் அவர் கையில் இருந்த தூய ரேடியம் குளோரைடு 0.1 கிராம்.

ஏன் இவ்வளவு குறைவு? யுரேனியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 ஆண்டுகள். யுரேனியம் சிதைந்து மெல்ல ரேடியம் உண்டாகிறது. உண்டான ரேடியமோ விரைவாகச் சிதைந்துவிடுகிறது. வரவும் செலவும் சமமாகும் நிலையில் இரண்டின் அணுக்களும் அவற்றின் அரைவாழ்வுக் காலங்களின் விகிதத்தில் இருக்கும். கணக்கிட்டால், ஒரு டன் யுரேனியத்தோடு மூன்றில் ஒரு கிராம் ரேடியம்தான் சேர்ந்திருக்கும்.

சுரங்கக் காற்று

கதையில் இன்னும் ஒரு பகுதி மீதியிருக்கிறது. அந்த வெள்ளியை வெட்டியவர்களின் கதை அது.

1527-ஆம் ஆண்டில், தாலர் அடிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், யோவாக்கிம்ஸ்தாலுக்கு நகர மருத்துவராக வந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் இறந்த பிறகு 1556-ல் வெளிவந்தது. தொழிலாளர் நுரையீரல் நோயால் இளமையிலேயே மடிவதை அவர் அதில் குறித்துள்ளார். கார்ப்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்றும் எழுதியுள்ளார். சுரங்கத்துள் நல்ல காற்றைச் செலுத்தும் விசிறிகளையும் துருத்திகளையும் அவர் படங்களோடு விளக்கினார்.

தூசிதான் காரணம் என்று அவர் எண்ணினார். அது ஓரளவு உண்மை. ஆனால் இன்னொரு காரணம் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதது. 1879-ஆம் ஆண்டில், இதே மலைத்தொடரின் சாக்சனிப் பக்கமுள்ள ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளரைத் தாக்கியது நுரையீரல் புற்று என்று இரண்டு மருத்துவர்கள் கண்டனர். யோவாக்கிம்ஸ்தாலிலும் அதே நோய் இருந்தது பிற்பாடு உறுதியாயிற்று.

ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு உண்டாகிறது. அது கல்லைவிட்டு வெளியேறிச் சுரங்கக் காற்றில் கலக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாள். ரேடான் சிதைந்து உண்டாகும் பொலோனியம் முதலிய திண்மத் துகள்கள் தூசியில் ஒட்டி மூச்சோடு நுரையீரலில் படிகின்றன. அவை வெளியிடும் ஆல்பா துகள்களை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். நம் தோலின் மேற்புற அடுக்கும் தடுத்துவிடும். ஆனால் நுரையீரலின் உள்ளே அத்தகைய கவசம் இல்லை. ஆல்பா துகள் தன் ஆற்றல் முழுவதையும் அங்குள்ள உயிரணுக்களிலேயே இறக்கிவிடுகிறது. இந்த வழிமுறை தெளிவானது 1950-களில்தான்.

அப்படித் தெளிவானபோதும் யோவாக்கிம்ஸ்தாலில் மனிதர் வதைபடுவது நிற்கவில்லை. 1945-க்குப் பிறகு சோவியத் அணுகுண்டுத் திட்டத்துக்காக அங்கே யுரேனியம் வெட்டப்பட்டது. 1949-லிருந்து 1961 வரை செக்கோஸ்லோவாகிய அரசின் அரசியல் கைதிகள் முகாம்களில் அடைக்கப்பட்டு, தக்க பாதுகாப்பின்றிச் சுரங்கங்களில் வேலை வாங்கப்பட்டனர். துன்பம் என்னவென்றால், ரேடானுக்கு மாற்று கடினமான ஒன்றன்று. தாராளமாகப் புதுக்காற்றைச் செலுத்தினால் வாயு வெளியேறிவிடும். அக்ரிகோலா நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்ததும் அதுவே.

2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தத் தாது மலைச் சுரங்கப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. யாக்கிமோவ் அதில் அடங்கும்.

மாணவர்களே, அந்த ஒரே மலையிலிருந்து வந்த பொருள்களை மனிதன் மூன்று முறை அளந்தான். தராசால் அளந்தபோது வெள்ளி தெரிந்தது, தாலர் பிறந்தது. மின்னளவியால் அளந்தபோது ரேடியம் தெரிந்தது. அணுக்கருவைப் பற்றிய அறிவு பிறந்தது. தொழிலாளி மூச்சுவிட்ட காற்றை அளக்கும் கருவி மட்டும் கடைசியில்தான் வந்தது. அதற்குள் நானூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. எதை அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் அறிவியலின் வேலைதான். நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ பொறுப்பேற்கும்போது, அங்கே வேலை செய்பவர்கள் சுவாசிக்கும் காற்றை முதலில் அளந்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே வகையைச் சேர்ந்த இருபது ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து மின்னணுத் தராசில் நிறுத்துங்கள். பிறகு அவற்றை அளவுச்சாடியிலுள்ள நீரில் ஒவ்வொன்றாக இட்டு, நீர் மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள். இந்நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை; விடை 7.7-க்கு அருகில் வரவேண்டும். ஒரே ஒரு நாணயத்தைக்கொண்டு செய்தால் பிழை ஏன் பெரிதாகிறது என்று சிந்தியுங்கள்.

2. 29 கிராம் எடையுள்ள ஒரு நாணயம் நீரில் 2.90 கிராம் எடை குறைகிறது. அதில் வெள்ளியும் செம்பும் மட்டுமே இருந்தால், வெள்ளி எவ்வளவு? (விடை: ஏறத்தாழ 20½ கிராம், அதாவது பத்தில் ஏழு பங்கு.)